நீங்களே கார் வேலை பார்த்தபின் புதுச் சத்தம் வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாம் மாட்டியாயிற்று, ஜாக்கியை இறக்கியாயிற்று, கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுக்கிறோம். முதல் திருப்பத்திலேயே இதுவரை கேட்காத ஒரு சத்தம். வயிற்றைப் பிசைகிறது. எதையாவது உடைத்துவிட்டோமா, எதையாவது மாட்டாமல் விட்டோமா, இந்த வண்டியில் வீட்டு ஆட்களை ஏற்றலாமா? சொந்தக் கையால் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது ஒருநாள் வரும். அப்போது எழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

வேலை முடித்த கையோடு புதுச் சத்தம் வந்தால் முதலில் எங்கே பார்ப்பது?

கடைசியாக எங்கே கை வைத்தீர்களோ, அங்கே. நேற்று வரை இல்லாத சத்தம் இன்று வருகிறது, இடையில் நடந்தது உங்கள் வேலை மட்டும்தான் என்றால், தொடர்பே இல்லாத வேறொரு பாகம் அதே நாளில் கெட்டுப்போக வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் மனம் அப்படி நினைக்க விடாது. 'அதைத்தான் நன்றாக இறுக்கினேனே' என்று அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம்.

எனக்கே நடந்தது. முன்பக்க லிங்க் ராட் மாற்றினேன். ஸ்டெபிலைசர் பாரையும் ஷாக் அப்சார்பரையும் இணைக்கிற, இரண்டு முனையிலும் பால் ஜாயிண்ட் உள்ள சின்னக் கம்பி அது. மறுநாள் சிறு பள்ளம் வந்தால்கூட 'லொட லொட' என்று சத்தம். நட்டில் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தால் இறுகத்தான் இருந்தது. ஷாக்கைச் சந்தேகப்பட்டேன், அதன் மேல் மவுண்ட்டைச் சந்தேகப்பட்டேன், இரண்டு மாலைகள் போயின. கடைசியில் டார்ச் அடித்து நெருங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நான் ஸ்பேனரைத் திருப்பும்போது நட்டோடு சேர்ந்து பால் ஜாயிண்ட்டின் தண்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. தண்டின் நுனியில் ஆலன் கீ போடுவதற்கென்றே ஆறுமுகக் குழி ஒன்று இருந்தது. அதில் கீயைப் போட்டுத் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்கினேன். முக்கால் சுற்று போனது, சத்தம் நின்றது.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். சத்தம் வந்தால், செய்த வேலையைக் கடைசிப் படியிலிருந்து முதல் படிவரை தலைகீழாக நடந்து பார்ப்பேன். கழற்றிய ஒவ்வொரு போல்ட், கிளிப், ஒயர், ஹோஸ் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. கழற்றும் முன் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

எந்தச் சத்தம் கேட்டால் வண்டியை ஓட்டவே கூடாது?

இதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டும். கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் ஓரமாக நிறுத்துங்கள். 'வீடு வரை மெதுவாகப் போய்விடலாம்' என்ற எண்ணம் வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் 'தட் தட்' சத்தம், அதோடு ஸ்டியரிங்கிலோ இருக்கையிலோ ஆட்டம். பிரேக் மிதிக்கும்போது இரும்பும் இரும்பும் நறநறவென்று அரைபடும் சத்தம், அல்லது மிதியைத் தொட்டவுடன் 'டங்'கென்று ஓர் அடி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'களக்' என்ற சத்தமும் கையில் தளர்வும். இன்ஜினுக்குள்ளிருந்து கனமாகத் தட்டும் சத்தம், அதுவும் ஆயில் விளக்கு எரிந்தால் அந்த நொடியே சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள். டைமிங் பெல்ட் அல்லது செயின் வேலை பார்த்தபின் அந்த மூடிக்குள் ஏதாவது அடிபடும் சத்தம் வந்தாலும் இன்ஜின் ஓடக்கூடாது.

இவை தவிர மற்றவற்றை நிதானமாகத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. காது ஏமாற்றுகிறதே?

ஏமாற்றத்தான் செய்யும். காரின் உடம்பு முழுவதும் ஒட்டிப் பிணைந்த இரும்புத் தகடு. முன் இடது பக்கத்தில் தட்டுவது, உட்கார்ந்திருப்பவருக்கு வலது காலடியில் கேட்கும். அதனால் 'எங்கே கேட்கிறது' என்பதைவிட 'எதோடு சேர்ந்து மாறுகிறது' என்று பாருங்கள். சத்தம் வண்டியின் வேகத்தோடு போகிறதா, இன்ஜின் வேகத்தோடு போகிறதா, பள்ளம் மேட்டோடு போகிறதா, ஸ்டியரிங்கோடா, பிரேக்கோடா? இந்த ஐந்தில் எது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

நின்ற இடத்திலேயே, கியர் போடாமல் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள். சத்தம் வந்தால் இன்ஜின், அதோடு ஓடும் பெல்ட்கள், சைலன்சர் இந்த வட்டாரம். வரவில்லையா? ஆள் நடமாட்டம் இல்லாத சமமான சாலையில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது நியூட்ரலுக்கு மாற்றுங்கள். இன்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே தொடர்ந்தால் அது சக்கரப் பக்கம்.

எண்ணிப் பார்க்கும் வழி ஒன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரணச் சிறிய காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் உருளும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்று, 40 கி.மீ. வேகத்தில் ஆறு சுற்று. 20 கி.மீ.யில் நொடிக்கு மூன்று முறை 'டக்' கேட்டால், சக்கரத்தோடு சுற்றும் ஒன்றுதான் தட்டுகிறது. அது டயர் இடுக்கில் மாட்டிய கல்லாக இருக்கலாம், தளர்ந்த நட்டாகவும் இருக்கலாம். இன்ஜினுக்கும் இதே கணக்குதான். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) 800 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி. நொடிக்கு ஆறேழு 'டிக்' என்றால் வால்வு பக்கம், அல்லது ஒரே ஒரு சிலிண்டரில் நடக்கும் கசிவு. போனில் பதிவு செய்து மெதுவாக ஓடவிட்டால் எண்ணுவது சுலபம்.

இன்னும் நெருங்க வேண்டுமென்றால் ஓர் அடி நீள ரப்பர் ஹோஸ் போதும். ஒரு முனை காதில், மறுமுனை சந்தேகப்படும் இடத்துக்கு அருகில். காற்றுக் கசிவைப் பிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. பேரிங் போன்ற கெட்டியான பாகங்களுக்கு நீளமான ஸ்க்ரூடிரைவர். நுனியைப் பாகத்தின் அசையாத உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கும். பெல்ட்டும் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும், துப்பட்டா, தலைமுடி, தொங்கும் சட்டைக்கை எதுவும் அருகே போகக்கூடாது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுத் தேடாதீர்கள், புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

புது பிரேக் பேட் போட்டேன். 'கீச்'சென்று கத்துகிறது. பேட் சரியில்லையா?

பேட்மீது பழி போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பிரேக் கீச்சிடுவது என்றால் பேட் அதிவேகமாக அதிர்கிறது என்று பொருள். அந்த அதிர்வை அடக்கத்தான் பேட்டின் முதுகில் மெல்லிய ஷிம் தகடும், பேட்டின் இரு காதுகளும் உட்காரும் இடத்தில் ஸ்டீல் கிளிப்பும் வைத்திருக்கிறார்கள். பழைய பேட்டோடு சேர்த்து ஷிம்மைத் தூக்கிப் போட்டிருந்தாலோ, கிளிப் துருப்பிடித்து வளைந்திருந்தாலோ புது பேட் கத்தும். காலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிராக்கெட்டில் கிளிப் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுங்கள். பேட்டின் காதிலும், காலிப்பரின் பிஸ்டன் தொடும் முதுகிலும், அதிக வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். பேட்டின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம், சூட்டில் உருகி ஓடிவிடும்.

அடுத்தது தேய்மானம் சொல்லும் தகடு. பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்தி எச்சரிப்பதற்காக, சில பேட்களின் ஓரத்தில் சின்ன நாக்கு ஒன்று இருக்கும். அந்தப் பேட்டை உள்பக்கம், வெளிப்பக்கம் மாற்றிப் போட்டுவிட்டாலோ, மாட்டும்போது நாக்கு வளைந்துவிட்டாலோ முதல் நாளிலிருந்தே கத்தும். எந்தப் பக்கம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பார்ப்பதே சரி. பேட்டைத் திருப்பி, இரும்பு முதுகு டிஸ்க்கைப் பார்க்கும்படி மாட்டியவர்களும் உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இருட்டில் அவசரமாகச் செய்தால் யாருக்கும் நடக்கும். அப்படியானால் வருவது கீச் இல்லை, அடித்தொண்டையில் அரைக்கும் சத்தம். உடனே நிறுத்துங்கள்.

பிரேக் தொட்டதும் ஒரே ஓர் அடி, ரெவர்ஸ் எடுத்துப் பிரேக் தொட்டால் திரும்ப ஓர் அடி என்றால் காலிப்பர் சறுக்கி நகரும் 'கைடு பின்'னின் போல்ட்டைப் பாருங்கள். அது இறுகியிருந்தும் அடித்தால், மேலும் கீழும் உள்ள இரண்டு பின்களை இடம் மாற்றியிருக்கிறோமா என்று யோசிக்க வேண்டும். பல காலிப்பர்களில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் உறை இருக்கும், இரண்டுக்கும் அதனதன் இடம் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் லேசாகக் கத்தினால் பேட் இன்னும் டிஸ்க்கோடு பழகவில்லை. காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை சீராகப் பிரேக் பிடித்து இறக்குங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். அரை நிமிடம் ஓட்டி ஆறவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். எட்டுப் பத்து முறை செய்தபின் கொஞ்ச தூரம் பிரேக்கே பிடிக்காமல் ஓட்டினால் சூடு தணியும். பேட் உற்பத்தியாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள். அப்புறம் ஒன்று, சத்தத்தோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது: பேட் மாற்றியபின் வண்டி நகரும் முன், மிதி கெட்டியாகும் வரை பிரேக்கைப் பல முறை மிதித்துவிடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம், முதல் மிதி வெறுமனே தரைக்குப் போகும்.

பிரேக் வேலைக்குப் பின் விடாமல் 'சர்ர்' என்று உரசுகிறது. பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே மாதிரி. என்ன அது?

பத்தில் எட்டு முறை, டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தூசித் தகடுதான். காலிப்பரைக் கழற்றும்போது முழங்கை பட்டாலே வளைந்துவிடும் அளவுக்கு மெல்லியது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் உரசுகிறதோ அங்கே தகட்டில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருக்கும். டிஸ்க்கை விட்டு விலகும்படி விரலால் தள்ளினால் போதும், கருவி எதுவும் தேவையில்லை. இந்தச் சத்தம் கேட்கப் பயங்கரமாக இருக்கும், தீர்வு ஒரு நிமிட வேலை.

டயர் மாற்றினேன், அல்லது சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன். 'டக் டக்' கேட்கிறது.

நிறுத்தி, நட்களைப் பாருங்கள். வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதுதான்.

சக்கரம் ஜாக்கியில் தொங்கும்போது நட்டைக் கையால் திருகி உட்கார வைத்து, தரையில் பாரம் பட்டபின் எதிரெதிர் நட்டாக நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும். வரிசையாக ஒரு பக்கமிருந்து இறுக்கினால் சக்கரம் சாய்ந்து உட்காரும், கொஞ்ச தூரத்தில் நேராகிக்கொள்ளும், உடனே எல்லா நட்டும் தளர்ந்துவிடும். நட்டின் இறுக்க அளவு (டார்க்) பெரும்பாலான சிறிய கார்களுக்கு 90 முதல் 120 நியூட்டன் மீட்டர் வாக்கில் இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே முடிவு. சக்கரம் மாட்டும் ஹப்பின் முகத்தில் துருப்பொருக்கு இருந்தாலும் சக்கரம் ஒட்டி உட்காராது, மாட்டும் முன் சுரண்டி எடுங்கள். ஸ்டீல் சக்கரத்தின் நட்டை அலாய் சக்கரத்தில் போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் நட் உட்காரும் குழியின் வடிவம் வேறாக இருக்கலாம். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள்.

நட் எல்லாம் சரி என்றால் டயர் இடுக்கில் கல், சரியாக மாட்டாத வீல் கப் இரண்டையும் பாருங்கள். முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றியிருந்தால் 'ஊம்ம்' என்ற புது ரீங்காரம் வருவதும் சகஜம். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த டயர் இடம் மாறியதால் அதன் சத்தம் இப்போது உங்கள் காதுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது.

சஸ்பென்ஷன் வேலை முடித்தபின் மேடு பள்ளத்தில் கிறீச்சிடுகிறது, தட்டுகிறது. எதை மறந்திருப்பேன்?

கிறீச்சென்று கட்டில் முனகுவதுபோல் கேட்டால், ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கிய நிலையிலேயே இறுக்கியிருப்பீர்கள். வீட்டு வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு இது. புஷ் என்பது உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒன்று, நடுவில் ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் அசையாமல் பூட்டிக்கொள்ளும், அதன்பின் ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பரின் முறுக்கில்தான். தொங்கிய நிலையில் பூட்டிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலேயே ரப்பர் முழுதாக முறுக்கப்பட்டு நிற்கும். அப்படியே கத்திக்கொண்டிருந்து சீக்கிரம் கிழிந்தும் போகும். போல்ட்டைத் தளர்த்தி, சக்கரம் தரையில் நிற்கும் உயரத்தில் வைத்து (ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்தும் அந்த உயரத்துக்குக் கொண்டுவரலாம்), வண்டியை இரண்டு முறை அமுக்கி எழவிட்டு, அதன்பின் இறுக்குங்கள்.

ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளுகிறதா? ஸ்பிரிங்கின் நுனி கீழ்த் தட்டில் உள்ள படியில் முட்டி உட்காரவில்லை, அல்லது மேல் மவுண்ட்டின் பேரிங் சரியாக அமரவில்லை. இதைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். அமுக்கிப் பிடித்த ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் விசை உள்ளது. நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸரும் அனுபவமும் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சின்னச் சின்ன மேட்டில் மட்டும் லொட லொட என்றால் லிங்க் ராட் நட். பெரிய பள்ளத்தில் மட்டும் 'தொம்' என்றால் ஷாக்கின் மேல் நட் அல்லது கீழ் போல்ட். பானட்டைத் திறந்து ஷாக் மவுண்ட்டின்மேல் கையை வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் வண்டியை ஆட்டட்டும். தட்டுவது உள்ளங்கையில் தெரியும்.

வீல் பேரிங் மாற்றியும் ரீங்காரம் போகவில்லை. புது பேரிங்கும் மோசமா?

முதலில், சரியான பக்கத்தைத்தான் மாற்றினீர்களா? வண்டி இடப்பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரங்களுக்குப் போகும். இடது வளைவில் சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங், வலது வளைவில் கூடினால் இடது. இன்னொரு சோதனையும் செய்யலாம். சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின்மேல் லேசாக வையுங்கள். கெட்ட பேரிங் என்றால் ஸ்பிரிங் வழியாக ஒரு சொரசொரப்பு விரலுக்கு வந்து சேரும்.

பக்கம் சரிதான் என்றால், அழுத்தி ஏற்றிய விதத்தை யோசியுங்கள். பேரிங்கின் வெளி வளையத்தை நக்கிளுக்குள் (பேரிங்கைத் தாங்கும் இரும்புப் பாகம்) ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் விசை கொடுத்தால் அந்த விசை முழுக்க உள்ளிருக்கும் குண்டுகள் வழியாகப் பாயும், ஓடும் பாதையில் குண்டுகள் பதிந்து குழி விழும். அதன்பின் அந்த பேரிங் எத்தனை புதிதானாலும் பாடும். சுத்தியலால் அடித்து ஏற்றினாலும் இதே விளைவுதான். வேறொரு பேரிங் வாங்குவதைத் தவிர வழியில்லை.

ஆக்ஸில் மாற்றியபின் வளைவில் 'கட கட' என்கிறது.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துக் கிளப்பும்போது மட்டும் வந்தால் வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட் (ஆக்ஸிலின் சக்கர முனையில் மடங்கிச் சுற்றும் மூட்டு). நேராகக் கிளம்பும்போதும் ரெவர்ஸ் மாற்றும்போதும் ஒரே ஒரு 'டிக்' என்றால் ஆக்ஸில் நட். அது வீல் நட்டைவிடப் பல மடங்கு இறுக்கம் கேட்கும், பல வண்டிகளில் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். சின்ன ஸ்பேனரில் 'நல்லா டைட்' என்று தோன்றுவது அங்கே போதாது.

ஆயில் மாற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று ஒரு சத்தம்.

முதல் முறை ஓரிரு நொடி வருவது இயல்பு. புது ஃபில்டர் காலியாக இருக்கிறது, ஆயில் அதை நிரப்பிக்கொண்டு மேலே ஏற வேண்டும். ஐந்து நொடிக்குள் சத்தமும் ஆயில் விளக்கும் அடங்கவில்லையென்றால் அணைத்துவிட்டு அளவுக் கம்பியைப் பாருங்கள், அடியிலும் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ஃபில்டரை முடுக்கிவிடுவதுண்டு. இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று நிற்காது, ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

தினமும் காலையில் மட்டும் அந்தக் கடகட தொடர்கிறதா? அப்போது ஃபில்டர் உங்கள் வண்டிக்கு உரியதுதானா என்று பாருங்கள். இன்ஜின் நின்றபின் ஆயில் வழிந்து இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு பல ஃபில்டர்களுக்குள் இருக்கும். அது இல்லாத அல்லது மட்டமான ஃபில்டர் ராத்திரியோடு காலியாகிவிடும். ஆயிலை அதிகமாக ஊற்றியிருந்தாலும் டிக் டிக் வரும், கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் கிடையாது.

ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியபின்?

'புஸ் புஸ்' என்று இன்ஜின் தாளத்தோடு காற்று வெளியேறினால் ஒரு பிளக் முழுதாக இறுகவில்லை. வாஷர் உள்ள புது பிளக்கைக் கையால் முட்டும் வரை திருகியபின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்க வேண்டும். வாஷர் இல்லாமல் கூம்பு வடிவில் உட்காரும் பிளக்குக்குப் பதினாறில் ஒரு சுற்றே போதும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், அலுமினிய ஹெட்டின் மரை போய்விட்டால் பெரிய செலவு.

'உஸ்ஸ்' என்று பாம்பு சீறுவதுபோல் விடாமல் கேட்டு, ஐடிலும் ஏறியிருந்தால், கழற்றிய ஏதோ ஒரு வேக்குவம் ஹோஸ் திரும்ப மாட்டப்படவில்லை. மேலே சொன்ன ரப்பர் ஹோஸால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் வண்டி முன்னைவிடக் கரகரவென்று உறுமினால் ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் ஒன்று திறந்திருக்கிறது.

புது பெல்ட் போட்டும் கத்துகிறது.

சின்னப் பறவை போல் 'கிச் கிச் கிச்' என்று விட்டு விட்டுக் கேட்டால் பெல்ட் நேர்கோட்டில் ஓடவில்லை. ஏதோ ஒரு புல்லி சாய்ந்திருக்கிறது, அல்லது பெல்ட்டின் ஒரு வரி புல்லியின் பள்ளத்தை விட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறது. ஏ.சி. போட்டதும் நீளமாக 'கீ...' என்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது, டென்ஷன் போதவில்லை. சந்தேகம் என்றால் ஓடும் பெல்ட்டின் பள்ளப் பக்கத்தில், தள்ளி நின்று, ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் சற்று நேரம் மறைந்தால் நேர்கோட்டுப் பிரச்சினை, கூடினால் டென்ஷன்.

டைமிங் பெல்ட் வேறு விஷயம். வேலை முடிந்ததும் ஸ்டார்ட் செய்யும் முன் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, அடையாளக் கோடுகள் திரும்ப ஒன்று சேர்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் எங்காவது முட்டினால் பலம் கொடுக்காதீர்கள், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது.

கூலண்ட் மாற்றியபின் டாஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது.

ஹீட்டருக்குள் காற்று மாட்டியிருக்கிறது. இன்ஜின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை காற்றை எடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் ஆயில் மாற்றியபின் வரும் முனகலுக்கும் காரணம் காற்றுதான். முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் ஓடாமலேயே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பதினைந்து இருபது முறை மெதுவாகத் திருப்பி, ஆயில் அளவைச் சரிசெய்தால் போகும்.

அடியில் எங்கோ கிணுகிணு என்கிறது. எந்தப் பாகமும் தளரவில்லை.

கருவிப் பெட்டியை எண்ணுங்கள். இன்ஜினுக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் 10 மி.மீ. சாக்கெட் ஒன்று உட்கார்ந்துகொண்டிருக்கலாம். எண்ணிக்கை சரி என்றால் சைலன்சரின் வெப்பத் தகட்டையும், இன்ஜின் அடி மூடியின் கிளிப்களையும் கையால் தட்டிப் பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் மட்டும் அதிர்ந்தால் வெப்பத் தகடு. வேகத்தில் படபடவென்று அடித்தால் அடி மூடி.

இந்தச் சத்தம் முன்பே இருந்திருக்குமோ?

இருந்திருக்கலாம். வேலை பார்த்த அன்று நாம் பாட்டை அணைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுகிறோம். பெட்ரோல் இன்ஜெக்டரின் மெல்லிய டிக் டிக், கிளம்பியவுடன் ஏ.பி.எஸ். தன்னைத் தானே சோதிக்கும் ஒரு 'க்ர்க்', ராத்திரி ஈரத்தில் டிஸ்க்கில் படிந்த துரு முதல் சில பிரேக்கில் உரசிப் போவது, நிறுத்தியபின் சைலன்சர் ஆறும்போது வரும் 'டிங் டிங்', இவையெல்லாம் ஆரோக்கியமான வண்டியின் சத்தங்கள். அடுத்த முறை வேலை தொடங்கும் முன் ஒரு சுற்று ஓட்டி, போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நம்பகமானது வேறில்லை.

எப்போது மெக்கானிக்கிடம் போவது, அவரிடம் என்ன சொல்வது?

செய்த வேலையை முழுதாக ஒருமுறை திரும்பச் சரிபார்த்தும் சத்தம் நீடித்தால் போய்விடுங்கள். மேலே 'ஓட்டவே கூடாது' என்று சொன்ன வகை என்றால் வண்டியை ஓட்டிப் போகாமல் அவரை வரவழையுங்கள், அல்லது தூக்கிப் போகச் சொல்லுங்கள்.

அவரிடம் நீங்களே வேலை பார்த்ததை மறைக்காதீர்கள். கூச்சத்தில் பலர் மறைக்கிறார்கள், அவர் வண்டி முழுவதும் தேட வேண்டியதாகிறது. 'முன்பக்கம் இரண்டு சக்கரத்திலும் பேட் மாற்றினேன், மறுநாளிலிருந்து 30 கி.மீ. தாண்டினால், பிரேக் தொடாதபோது, இடது பக்கம் உரசுகிறது, வலப்பக்கம் வளைத்தால் நிற்கிறது' என்று சொன்னால் பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். பதிவு செய்த சத்தத்தையும் கேட்கக் கொடுங்கள். முடிந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சத்தம் வரும்படி நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். எந்த நொடியில் வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.